நாற்பத்தொரு நொடி

மலை மறைப்பதால்
ஜனவரிக் கடைசிவரை
எங்கள் ஊருக்குச் சூரியன் வருவதில்லை.
இயந்திரம் அதற்கு முன்பே வந்துவிட்டது,
ரெய்க்யவிக்கிலிருந்து, கப்பலில்,
ஆறு பெட்டிகளாக.

மீனை ஊடுருவிப் பார்க்கும்.
முள் எங்கே என்று அறியும்.
தண்ணீரையே கத்தியாக்கி
நாங்கள் ஏழு பேர் வெட்டியதை
ஒற்றையாய் வெட்டும்.
பொய் சொல்வானேன், அழகாகவே வெட்டியது.
என் மணிக்கட்டு பொறாமைப்படவில்லை,
பெருமூச்சு விட்டது.

வம்பு இயந்திரத்தில் இல்லை,
அதோடு இலவசமாய் வந்த திரைகளில்.
மேசைக்கு ஒன்று.
பெயர், கிலோ, நொடி.
போகுமிவாவின் பெயருக்கு எதிரே
சிவப்பில்: நின்ற நேரம் 41.

நிற்கவில்லை அவள்.
காட் மீனின் சதைக்குள் சுருண்ட புழுவை
வெளிச்ச மேசையில் கண்டு
இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள்.
முள்ளை அறிந்த இயந்திரம்
புழுவை அறியாது.
திரை அவளையும் அறியாது.
அந்த வாரம் போனஸில் வெட்டு.

உணவுக்கூடத்தில் சங்கக் கூட்டம்.
மூன்று மொழியில் பேசி
மூன்றிலும் கத்தினோம்.
"திருப்பி அனுப்பு" என்றார்கள் பாதிப் பேர்.
"அது போனால் என் தோள்வலியை
யார் வாங்கிக்கொள்வது?"
மரிவிக் கேட்டதும்
காப்பி ஊற்றும் சத்தம் மட்டும்.

ஆஸ்பியோர்ன் சிரித்தான்,
"ரக்னா, மெஷினோடு சண்டையா?"
இல்லை. இருக்கட்டும்.
அது எழுதும் கணக்கை எங்களுக்கும் கொடு.
"கம்பெனி ரகசியம்."
என் கை நின்ற நொடி
உன் ரகசியமா?

மூன்று வாரம் இழுத்தான்.
வந்தது ஒரு கத்தைக் காகிதம்.
சங்க அறையில் இரவெல்லாம்
கூட்டிக் கழித்துப் பார்த்தோம்.
குழாய் அடைத்து, உறைந்து, மென்பொருள் மயங்கி
இயந்திரம் நின்றது
ஒரே மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நிமிடம்.
அப்போதெல்லாம் வெட்டியது எங்கள் கத்தி.
அதற்குச் சிவப்பு இல்லை.
அதற்குத் திரையே இல்லை.

ஒன்பதாம் ஷரத்தில் கையெழுத்தானது:
புழு எடுக்கும் நேரமும் வேலை நேரம்.
போகுமிவா அதைத் தன் மொழியில்
இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

இன்று மலைவிளிம்பில்
ஒரு கீற்று மஞ்சள்.
கையுறையைக் கழற்றிப் போட்டு
எல்லோரும் வாசலுக்கு ஓடினோம்,
ஆஸ்பியோர்னும்தான்.
மாவுப்பணியாரமும் காப்பியும்
கண்கூசும் முகங்களும்.

திரும்பி வந்தால்
ஏழு திரையிலும் சிவப்பு:
நின்ற நேரம் பதினொரு நிமிடம்.

அதை யார் அழிப்பது என்பது
பன்னிரண்டாம் ஷரத்து.
வியாழக்கிழமை பேசுகிறோம்.