எந்தக் கை

மெஸ் கதவில் தாள் ஒட்டியிருக்கிறார்கள்:
பெயர், அறை எண், ஆம், இல்லை.
நூலில் கட்டிய பேனா ஏசிக் காற்றில் ஆடுகிறது.
கட்டியவருக்குத் தெரியும்
இந்த கேம்பில் ஒரு பேனாவின் ஆயுள்.

ஃப்ளூ ஊசி. வியாழக்கிழமை கிளினிக் வண்டி வரும்.
காசு கிடையாது, கட்டாயமும் கிடையாது.
கட்டாயம் என்றிருந்தால்
திட்டிக்கொண்டே சட்டையைச் சுருட்டியிருப்போம்.
யோசிக்கச் சொல்லிவிட்டார்கள்,
அதுதான் தொல்லை.

இருநூற்றுப் பதினான்காம் அறையில் ஆறு கட்டில், ஆறு கட்சி.
நைனா முகமது உம்ராவுக்குப் போகிறவன்,
போன வாரமே போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.
ஷஃபிகுலின் மச்சானுக்கு அஜ்மானில்
ஊசி போட்ட மறுநாளே மூக்கு ஒழுகிய கதை
மூன்று மொழியில் ஓடுகிறது.
தேக் பகதூருக்கு ஒரே கேள்விதான்:
மறுநாள் லீவு உண்டா?

ஷட்டவுனுக்குப் பதினெட்டு நாள்.
பிளான்ட்டை அணைத்து, குழாய்களின் வயிற்றைத் திறந்து,
இருபத்தோரு நாளில் தைத்து மூட வேண்டும்.
தினம் பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறும் வேலை.
ருவைஸில் ஒரு வருஷத்துக்கான சேமிப்பு
அந்த மூன்று வாரத்தில்தான் இருக்கிறது.
கை வலித்து ஒரு நாள் படுத்தால் எத்தனை திர்ஹம் போகும்?
எல்லோரும் கணக்குப் போடுகிறோம்.
காய்ச்சலில் படுத்தால் எத்தனை?
வராததற்கு யார் கணக்கெழுதுவார்கள்
என்கிறான் ஷஃபிகுல்.

நான் பேசாமல் ஷூவைத் துடைக்கிறேன்.
அந்தக் கணக்கு என்னிடம் இருக்கிறது.

போன ஷட்டவுனில் மூன்றாம் நாள்
அறையின் முதல் இருமல் என்னுடையது.
வெல்டிங் புகை என்றேன்.
போர்வைக்குள் இருமினேன்.
பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு
தண்ணீர்ச் சத்தத்தில் இருமினேன்.
விடிகாலை இரண்டு பனடால் விழுங்கிவிட்டு
கேட்டில் நெற்றியை நீட்டினேன்.
முப்பத்தாறு புள்ளி எட்டு.
கருவி போ என்றது.
போனேன்.

ஆறாம் நாள் மேல்கட்டில் இருமியது.
சவரிமுத்து. தலையணைக்கடியில் இன்ஹேலர் வைத்திருப்பவன்.
இறங்க ஏணியில் கால் வைத்தவன்
பாதியில் உட்கார்ந்துவிட்டான்.
ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
வந்தபின்னும் ஒரு வாரம்
தண்ணி பாட்டிலைத் திறக்கவே மூச்சு வாங்கினான்.
ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன்,
உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன்.
"ஒனக்கு ஒண்ணும் வரலியே, கெட்டி ஒடம்புல" என்றான்.
நார் பிடிபடவில்லை என்பதுபோல்
சுளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு
அவனுடைய ஓவர்டைம் இல்லாமல் போயிற்று.
நான் கடன் கொடுத்தேன்.
மாதாமாதம் ஐந்தாம் தேதி
நூறு திர்ஹம் மடித்துக் கொண்டுவருவான்.
வாங்கிக்கொள்வேன்.

"நீ என்னல எழுதப்போற?"
மேலிருந்து இருட்டில் குரல்.
ஆம் என்றேன்.
"போட்டா வரவே வராதோ?"
வரலாமாம். வந்தாலும் அவ்வளவு சாய்க்காது
என்கிறார் நர்ஸ்.
பிடிக்கவே இரண்டு வாரம் ஆகுமாம்.
"பெறவு எதுக்கு? ஒனக்குத்தான் ஒண்ணும் வராதே."
ஏசி ஒருமுறை நின்று, மறுபடி உறுமத் தொடங்கியது.

வியாழக்கிழமை வண்டிக்குள் மெர்சி சிஸ்டர்
படிவத்தைப் பார்த்துக் கேட்கிறார்:
இப்போது காய்ச்சல், இருமல் உண்டா?
இல்லை என்கிறேன்.
இந்தக் கேள்விக்கு நான் சொன்ன
முதல் உண்மை.
எந்தக் கை?
வலது கை டார்ச் பிடிக்கும் கை. இடது என்கிறேன்.
எறும்புக் கடிக்கு மேல், தேள் கடிக்குக் கீழ்.
அவ்வளவுதான்.

அன்றைக்கு ஐந்தாம் தேதி.
சாப்பிட்டு வந்து ஏணியருகே நின்றான், மடித்த நோட்டோடு.
வேண்டாம் என்றேன்.
"ஏம்ல?"
வாங்க நீண்ட கை இடது கை.
தோள் வரைக்கும் வலித்தது.
கட்டிலில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டேன்.
உட்கார் சவரி, என்றேன்,
போன வருஷம் மூன்றாம் நாள்.