பிடியரிசி

பால்பவுடர் டப்பா ஒன்று அடுப்புக்குப் பக்கத்தில்.
உலை வைக்கும்போதெல்லாம்
அளந்த அரிசியில் ஒரு பிடி அதற்கு, கோயில் காணிக்கை.
மாதக் கடைசியில் அந்தப் பிடி
மூன்று விரலுக்குள் அடங்கிவிடும்.
ஆண்டவருக்குத் தெரியும். நான் சொன்னதில்லை.

மேல்வீட்டுக்கு மால்டாவிலிருந்து வந்திருக்கிறார்கள்.
புருஷனுக்குச் சிறுநீரகம்.
வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி.
மற்ற நாளெல்லாம் படிக்கட்டில் பில்களை விரித்து
அவள் கூட்டிக்கொண்டே இருப்பாள்,
திரும்பத் திரும்பக் கூட்டினால் குறையும் என்பதுபோல.

வெள்ளி ராத்திரி கதவைத் தட்டினாள்.
"சால்" என்றாள்.
தண்ணீர்ச் சாலைக் காட்டினேன்.
இல்லை என்று தலையாட்டி
கையிலிருந்த தம்ளரைக் கவிழ்த்தாள்.
தோட்டப்பாளையத்தில் எத்தனையோ பாஷை,
காலித் தம்ளருக்கு ஒன்றுதான்.

எங்கள் அரிசிப்பானையும் கழுவிக் கவிழ்த்திருந்தது.
ராணிப்பேட்டை தோல் கம்பெனியில்
சம்பளம் திங்கட்கிழமைதான்.
எங்களுக்கே அன்று கேழ்வரகுக் கூழ்.
டப்பாவைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.
பிறகு கூழ் கரைத்த கையைத் துடைத்துக்கொண்டு
தட்டித் தட்டிக் கவிழ்த்தேன்,
ஒட்டிய குருணையும் விழும்வரை.
தம்ளர் நிறைந்து மிச்சம் அவள் தலைப்பில்.

ஞாயிறு காலை
கொண்டுபோகவும் வெட்கம், விட்டுப்போகவும் வெட்கம்.
ஞானாபரணம் அக்கா தராசில் வைத்தார்.
முள் அசையவில்லை.
மூடியைத் திறந்து பார்த்தார்.
"யாருக்கு?"
"மேல்வீட்டுக்கு."

நோட்டில் என் பெயருக்கு நேரே
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
கிலோ கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில்,
"வந்து சேர்ந்தது" என்று எழுதினார்.