முன் கியர்

எஞ்சினை இறக்க நாலே போல்ட்டுகள்.
நாலாவது துருவேறி இறுகி
மார்லிஸின் ஒரு சனிக்கிழமையை முழுதாகத் தின்றது.

காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு:
பஞ்சு, சூரியகாந்தித் தோல்,
போன குளிர்காலம் தேடிக் கிடைக்காத
பச்சைக் கையுறையின் பெருவிரல்.

எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது
ஏதோ ஃபோர்க்லிஃப்ட்டின் மோட்டார்.
பெமிட்ஜி பழைய இரும்புக் கடையில்
எடைக்கு வாங்கியது;
எடையில் ஒரு கன்றுக்குட்டி.
தண்டு பொருந்தாமல்
முக்கால் இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் நடுவே
லீலண்ட் ஒரு உறை கடைந்து கொடுத்தான்.

பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருந்த மடியில்
நாலு பேட்டரி.
கறுப்பு கேபிளை முடுக்கினாள்.
சிவப்பைத் தொடுமுன்
விவாகரத்துக்குக்கூடக் கழற்றாத மோதிரத்தைக் கழற்றி
சட்டைப் பையில் போட்டாள்.

சாவியைத் திருப்பினாள்.
ஃபிரிட்ஜ் போல ஒரு முனகல்.
பிடிக்கவில்லை என்று நினைத்து
மறுபடி திருப்ப, அணைந்தது.
மூன்றாம் தடவை நம்பினாள்.

முன் கியர் போட்டாள்.
பின்னால் போனது.

டேன்டிலியன் மேல், ருபார்ப் பாத்தி மேல்,
பதினோரு வருடமாக
வக்கீல் கடிதங்களில் நின்றுகொண்டிருந்த
வேலியின் மேல்.
பதினெட்டு அங்குலம் யார் பக்கம் என்பது வழக்கு.
வேலிக்கு ஓணான் சாட்சி;
மினசோட்டாவில் ஓணானுக்கு எங்கே போவது?
சர்வேயர்தான் வந்தார்,
மணிக்கு நூற்றிருபது டாலர்.

மூன்று பலகை சாய்ந்தது.
ஓட்டைக்கு அந்தப் பக்கம்
ஆர்விட் பெல்டோலா, கையில் காபி.

பழைய எஞ்சின் என்றால்
அவர் ஏதோ கத்தியிருப்பார்,
இவள் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு
ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பியிருப்பாள்.
பதினோரு கோடையும் அப்படித்தான்.
இப்போது
அவர் காபி உறிஞ்சுவது கேட்கிறது.

பிளேடும் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது.
வந்த வழியில் ஒரு புல்கூட வெட்டுப்படவில்லை.
பள்ளியில் போட்டோ எடுக்கும் நாளில்
பையன் தலை மாதிரி
படிய வாரிவிட்டிருக்கிறது.

ஆர்விட் குனிந்து பார்த்தார். செருமினார்.
"வயரை மாத்திப் போட்டிருக்கே."

"தெரியுது" என்றாள்.
சண்டைக்குச் சொன்னாளா
சும்மா சொன்னாளா
அவளுக்கே விளங்கவில்லை.

அரை இஞ்சு ஸ்பேனர் இருக்கிறதா என்றார்.
இருந்தது.
சாய்ந்த பலகைகளை மிதிக்காமல்
அந்தப் பதினெட்டு அங்குலத்தையும்
ஒரே எட்டில் தாண்டி வந்தார்.
மோட்டாருக்கு வரும் இரண்டு வயரையும்
இடம் மாற்றிப் போட
மூன்று நிமிடம்.
முதல் பேட்டரியைப் பிரித்துவிட்டாயா என்று
நாலு தடவை கேட்டார்.

வண்டி முன்னால் போனது.
புல் வெட்டுப்படும் வாசனை,
அதில் பெட்ரோல் இல்லை.
கூடவே ஒரு கிறீச்.
இடது முன்சக்கரம்.
இது எப்போதிருந்து என்று
தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்,
வாய்விட்டு.

"நாலு வருஷமா" என்றார் ஆர்விட்.
"நீ எஞ்சினை அணைச்சிட்டு
ஷெட்டுக்குள்ள தள்ளுவியே,
அப்ப எங்க சமையலறை வரைக்கும் கேட்கும்."