மட்டி லேது

குப்பத்துக்கு மேற்கே கிரானைட் பாலிஷ் போடும் ஷெட்.
இருநூற்றைம்பது கேவிஏ டிரான்ஸ்பார்மர்
நான்கு நாளாகத் தார்ப்பாய்க்குள் சும்மா நிற்கிறது.
வரைபடத்தில் ஐந்து எர்த் குழி.
நாலடியில் கடப்பாறை மணியடித்தது.
‘மட்டி லேது’ என்றான் ஓபுலேசு.
மண் இல்லையாம்.
என் மொழியில் மட்டி என்றால் வேறு;
அன்றைக்கு அதுவும் எனக்குப் பொருந்தியது.

செம்புத் தகட்டைச் சுற்றிக்
கரி ஓர் அடுக்கு, உப்பு ஓர் அடுக்கு.
கரி அவனுக்குப் பொக்குலு.
உப்பு மட்டும் எல்லையில்
பேர் மாற்றிக்கொள்ளாமல் வந்திருக்கிறது.
இருபது குடம் தண்ணீர் விட்டோம்.
தீர்த்தகிரி மெக்கரைச் சுற்றச் சுற்ற
முள் பதினாலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.
ஒன்றுக்குக் கீழே வேண்டும்.
வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர்.

கல்லை விற்றுச் சோறு தின்னும் இடத்தில்
கல்லை எப்படித் திட்டுவது?

உள்ளே ஒரே ஒரு மெஷின்
பழைய ஜெனரேட்டரில் ஓடுகிறது.
ஈரத் தரையில் நின்று முனிலட்சுமி தேய்க்கிறாள்.
‘எறும்பு கடிக்குது’ என்று
ஆறு மாதமாகச் சொல்லியிருக்கிறாள்.
எறும்புப் பொடி வாங்கிக் கொடுத்தார்களாம்.

டெஸ்டரை அதன் உடம்பில் வைத்தேன்.
எரிந்தது, மங்கலாக, கூச்சமில்லாமல்.
நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள்,
ஆர்டர் தாமதத்தை என் பேரில் எழுதிக்கொண்டு.

வேலை நின்றதால் அவள் முகம் கழுவப் போனாள்.
பெண்கள் குளிக்கும் தட்டியிலிருந்து
வடிகால் போய் முடிகிற மூலையில்
சித்திரை வெயிலிலும் கோரை பச்சையாய் நின்றது.
கடப்பாறையை ஓங்கிப் போட்டேன்.
சத்தமே இல்லை.

பத்தடி வரை கல்தூள் கலந்த சேறு,
சோப்பு நாற்றம்.
நாற்பது மீட்டர் செம்புப் பட்டை கூடுதல்.
விலையைக் கேட்ட முதலாளி
தெலுங்கில் ஒன்றும் தமிழில் ஒன்றும் சொன்னார்.
முள் இறங்கி, ஒன்றில் தயங்கி,
புள்ளி எட்டு.
தீர்த்தகிரி நம்பாமல் மறுபடி சுற்றினான்.

மெஷினுக்கு இரண்டு பட்டை.
போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி
வெள்ளை உலோகம் தெரிந்தபின் முடுக்கினோம்.

ஞாயிறன்று ஓட்டினார்கள்.
முனிலட்சுமி செருப்பைக் கழற்றவில்லை.
முதலில் புறங்கையால் தொட்டாள்
(எங்களில் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை),
பிறகு உள்ளங்கை.
‘ம்’ என்றாள். அடுத்த கல்லை ஏற்றச் சொன்னாள்.

பில்லில் பட்டைக் கணக்கைப் பாதியாய் வெட்டிவிட்டார்கள்.
‘குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர்’ என்று
பலகையில் எழுதினேன்.
ஓபுலேசு கீழே தெலுங்கில் எழுதினான்.
மூலைக் குழிக்கு மட்டும் பலகை வைக்கவில்லை.
ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டதும்
ஆறு பெண்கள் குளிப்பார்கள்.