ஈராயிரம் முழம்

அந்த அதிகாரத்தில் யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை.
வெறும் ஊர்ப்பெயர்கள்.
எப்ரோன், லிப்னா, யத்தீர், எஸ்தெமொவா...
பாடம் வாசிக்க வந்த ஜெபின்
நாலாவது பெயரில் நாக்கு தடுக்கிச் சிரித்துவிட்டான்.
சபையும் சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
எனக்கு அது பழகின பட்டியல்:
அருமனை, இரணியல், குலசேகரம், மணலிக்கரை,
இப்போது வேர்க்கிளம்பி.
ஐந்து வருஷத்துக்கு ஓர் ஊர்.
ஒவ்வொன்றிலும் ஒரு பலா வைத்தேன்.
ஒன்றிலும் சுளை தின்னவில்லை.

கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டு நிலம் பிரித்தபோது
லேவியின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது
குடியிருக்க ஊர்,
மாடு மேய மதிலைச் சுற்றி ஈராயிரம் முழம்.
எப்ரோனை ஆசாரியருக்குக் கொடுத்தார்கள்.
எப்ரோனின் வயல் காலேபுக்குப் போயிற்று.

அதைத்தான் அடுக்களை ஜன்னல் வழியே
தினமும் பார்க்கிறேன்.
குருமனைக்குப் பின்னால் எட்டடி, பிறகு கம்பிவேலி.
வேலிக்கு அப்பால் வேறொருவர் ரப்பர்.
அவர்கள் பால் அவர்கள் சிரட்டையில் சொட்டும்.

மகள் கல்லூரி விண்ணப்பத்தில்
நிரந்தர முகவரி என்ற கட்டத்தை
காலியாக விட்டிருந்தாள்.
இவர் பேனாவை வாங்கி
பேராய அலுவலகத்தின் முகவரியை எழுதினார்.
அஞ்சு சென்ட், என்றேன். எங்கேயாவது அஞ்சு சென்ட்.
கர்த்தரே நம்முடைய பங்கு, என்றார்.
அதற்குப் பட்டா உண்டா, என்றேன்.
ரெண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மாசி மாதம். விடியற்காலை மூன்றரை.
கேட் முனகியது.
பூட்டு உடைந்து மூன்று வருஷம்;
கமிட்டியில் நாலு மனு கொடுத்தாயிற்று.
முற்றத்தில் ஒருவன், ஒரு காலில் மட்டும் செருப்பு.
பாறைக்கல் ஏற்றும் லாரிக்காரன்.
றசல் என்றான், பத்துகாணி.
வளைவில் ஒரு சைக்கிள். தலையில் விளக்குக் கட்டின வெட்டுக்காரர்.
"வெளிச்சத்தப் பாத்தேன், ஆளப் பாக்கல்ல.
வெளிச்சத்தத்தான் பாத்தேன்."

தபசிமுத்து.
எங்கள் சபை. மூன்றாம் பெஞ்சு, ஓரம்.

அரைமணியில் தம்பிக்காரர் வந்தார்.
கையில் பால்வெட்டுக் கத்தி, பின்னால் பத்துப் பேர்.
இவர் லுங்கியோடு போய்
கேட்டுக்கு நடுவில் நின்றார்.
முப்பது வருஷம் பேசிய தொண்டை
அன்றைக்கு அடைத்துக்கொண்டது.
"உள்ள இருக்கான். போலீஸ் வரும்வரை
உள்ளதான் இருப்பான்."
அவ்வளவுதான் வந்தது.
கேட் திறந்தே கிடந்தது.
ஒருவரும் தாண்டவில்லை.
கொஞ்சநேரம் கழித்துத் தம்பிக்காரர் என்னைப் பார்த்து,
"ஐயரம்மா, இத்திரி வெள்ளம் தாருங்க" என்றார்.
அவன் குடித்த செம்பில்தான் கொடுத்தேன்.
வேறு செம்பு தேட அப்போது தோன்றவில்லை.

கை தவறிக் கொன்றவன் ஓடிச்சேர ஆறு ஊர்;
ஆறும் நிலமில்லாதவர்கள் ஊர்.
பாதையைச் செப்பனிட்டு வைக்கவும் கட்டளை.
எனக்கென்று நிலமிருந்தால் வேலி போட்டிருப்பேன்,
வேலிக்குள் நாய்.
மூன்றரை மணிக்குக் குரைத்திருக்கும்.
இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அஞ்சு சென்ட் ஆசை இன்னும் போகவில்லை.

தபசிமுத்துவின் மனைவி லில்லிபாய்
மூன்றாம் பெஞ்சுக்குத் திரும்பவில்லை.
சந்தையில் கண்டால் மீன்காரியின் பக்கம் திரும்பிக்கொள்வாள்.
அதையும் சேர்த்துத்தான் அளக்கவேண்டும்
இந்த ஈராயிரம் முழத்தை.

பங்குனியில் கமிட்டி கூடி
முதல் தீர்மானமாகப் பூட்டு வாங்கிற்று.
நல்ல பூட்டு, பித்தளை, ஒரே சாவி.
சித்திரையில் மாறுதல் கடிதம் வந்தது.
கட்டில், பீரோ, பாத்திரம்,
ஆறாவது ஊருக்கு ஒரு பலாங்கொட்டை,
எல்லாம் கட்டியாயிற்று.

புது ஐயரம்மாவிடம் கொடுக்க
சாவியைத்தான் காணவில்லை.
தேடிக்கொண்டிருக்கிறேன் என்று
கமிட்டிக்குச் சொல்லியிருக்கிறேன்.