சுற்றுப் புத்தகம்

ஒரு மணி: எல்லாம் சரி.
இரண்டு மணி: எல்லாம் சரி.
மூன்று மணிக்கும் சரிதான்.
ஒரே பேனை, ஒரே சாய்வு,
கோடு பிசகாத எழுத்து.

அன்றிரவு மட்டக்களப்பு முழுக்கக் கரண்ட் இல்லை.
வாவிக் காற்றில் லாம்பும் நிற்கவில்லை.
நாலாம் அறையில் ஆதம்பாவா
நெஞ்சு நோகுதென்று தட்டினது
அடுத்த அறைக்குக் கேட்டிருக்கிறது.
விடிய எடுத்துப் பார்த்தேன்,
தகரக் கோப்பையின் விளிம்பு நெளிந்திருந்தது.
இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்
மூச்சு நின்றதாம், ஆஸ்பத்திரிக் கடுதாசியில்.

விசாரணைக்கு வந்தவர் பக்கம் புரட்டினார்.
"பதிவெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?"

ஓம் சேர்.
இருட்டில எழுதினதுக்கு
கொஞ்சம் கூடத்தான் ஒழுங்கு.

சொன்னது மறியல் கந்தோர்க் கிளாக்கர் யோகமலர்.
அதையும் எழுதுங்க,
நேரம் போட்டு.