தொப்பி அளவு

முதல் வருடம் ஏழேகால்.
மில்வாக்கியில் பனி விலகாத ஏப்ரல்,
ரான்டெல் விட்காம்புக்குத் தொப்பி எடுத்துக் கொடுத்தது நான்தான்.

பதினொன்றாம் வருடம் எட்டு.
முப்பத்தாறு வயதில் யாருக்குத் தலை வளரும்?
மண்டைக்கனம் என்று சிரித்தது உடைமாற்றும் அறை.
நானும் சிரித்தேன்,
பேரேட்டில் அளவைத் திருத்தி
கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஜனவரிதோறும் வாக்கெடுப்பு.
புகழ்மண்டபக் கதவு அவனுக்குத் திறப்பதில்லை.
நிருபர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்:
உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஐநூறாவது ஹோம் ரன்
சுவர் தாண்டி, விளம்பரப் பலகை தாண்டி
ஊழியர் வண்டிகள் நிற்கும் இடத்தில்
என் பழைய ஃபோர்டின் கண்ணாடியில் விழுந்தது.

சில்லு பொறுக்கும்போது விரல் கிழிந்தது.
நிஜ ரத்தம்.
துடைக்கக்கூடத் தோன்றாமல்
பந்தைத் தலைக்குமேல் தூக்கிக்
கத்திக்கொண்டிருந்தேன்
அவன் பெயரை.